சிரிப்பில் விளைந்த அறம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

   

மேடையேறிப் பேசுவது எங்களுக்குப் பழக்கமான தொழில் அன்று. பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு பொழுதைக் கழிக்கும் குமாஸ்தாக் குடும்பம் எங்கள் குடும்பம். தந்தையார் செய்த வேலையையே நாங்களும் செய்கிறோம். ஆகவே, எங்கள் பேச்சில் சொற்குற்றமோ பொருட்குற்றமோ இருப்பின் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

‘கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்’ என்று செயலாளர் எங்களைப் பணித்தார். இம்மேடையில் ஆண்டுதோறும் நம் தமிழ்நாட்டுக் கலைஞர் ஒருவரின் புகழ் பாடப்பட்டு வந்திருக்கிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றி மட்டும் நாம் மூன்று முறையேனும் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இன்று சற்றே வழி மாறிச் செல்ல உங்கள் அனுமதியை வேண்டுகிறோம். நமக்குச் சோறும் கூரையும் தந்து, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேலையும் தந்த இந்த மராட்டிய மண்ணிலே தோன்றிய ஒரு கலைஞரைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். அவர் பெயர் புருஷோத்தம் லக்ஷ்மண் தேஷ்பாண்டே. மராத்தி மக்கள் அவரைப் ‘பு.ல.’ என்று இரண்டே எழுத்துகளில் அழைப்பார்கள்.

அவரை நாங்கள் அறிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தந்தையார் 1960களின் நடுவில் ஊரை விட்டு வந்து ரயில்வேயில் சேர்ந்தார். ரயில்வே குடியிருப்பில் அவருக்கு வீடு கிடைத்தது. ஒற்றைச் சுவருக்கு அப்பால் ஒரு மராத்திக் குடும்பம் இருந்தது. குடும்பத் தலைவர் ரயில்வே கார்டு. நாங்கள் அவரைக் ‘காகா’ என்போம். சிற்றப்பாவை இவ்வூரார் அழைக்கும் முறை அது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னாட்டார் மீது கசப்பு மூண்டது. பெரியோர்கள் பலருக்கு அந்நாட்கள் நினைவிருக்கும். ரயிலில் வாய் திறந்து தமிழ் பேச வேண்டாம் என்று எங்கள் தாயாரிடம் தந்தையார் சொல்லி வைத்திருந்தாராம். அந்த வாரங்களில் காகா தமக்கு வேலை நேரம் எதுவாக இருப்பினும், இரவு முறை முடிந்து வரும் எங்கள் தந்தையாரை நிலைய வாசலில் காத்திருந்து வீடு வரை அழைத்து வந்தார். அதைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. காகாவுக்குத் தமிழ் தெரியாது. தந்தையாருக்கு மராத்தி தெரியாது.

பின்னர் நாங்கள் பிறந்து வளர்ந்த 1980களில், ஞாயிறு மாலைகளில் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்கும். ஒரே மனிதரின் குரல், கிழவராகவும் பள்ளி ஆசிரியராகவும் பேருந்து நடத்துநராகவும் மாறி மாறி ஒலிக்கும். உடனே வீடே அதிரும்படி காகா சிரிப்பார். காகியும் பிள்ளைகளும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் சோற்றைப் பிசைந்தபடி, ‘எதற்குத்தான் இப்படிச் சிரிக்கிறார்களோ!’ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அந்தக் குரல்தான் பு.ல. என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பு.ல. 1919ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இம்மும்பையிலேயே பிறந்தார். புறநகராகிய விலே பார்லேயில் வளர்ந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் தாகூரின் கீதாஞ்சலியை மராத்தியில் ஆக்கியவர். இளமையிலேயே ஹார்மோனியம் அவர் கைக்கு வசப்பட்டது. எழுத்தாளர் என்று உலகம் அவரைக் கொண்டாடிய காலத்திலும் அப்பெட்டியை அவர் கைவிடவில்லை. பீம்சேன் ஜோஷி, குமார் கந்தர்வர், வசந்தராவ் தேஷ்பாண்டே முதலிய இசைப் பெரியோர் அவருக்கு நெருங்கிய நண்பர்கள்.

இவர்களுள் வசந்தராவைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். ஏனெனில் அவர் நம் இனத்தவர். நெடுங்காலம் இராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரிந்துகொண்டே பாடியவர் அவர். அவருடைய குரலின் பெருமையை அறிந்து, பாட்டையே வாழ்வாகக் கொள்ளும்படி தூண்டிய நண்பர்களுள் பு.ல. முன் நின்றார். தாம் மேலே செல்வதோடு அமையாமல், பக்கத்தில் இருப்பவனையும் கை கொடுத்து ஏற்றிவிடுவது அவர் இயல்பு.

பு.ல.வின் கலைகளை எண்ணப் புகுந்தால் விரல்கள் போதா. பள்ளி ஆசிரியராகவும் கல்லூரி ஆசிரியராகவும் இருந்தார். பாடினார், இசையமைத்தார், நாடகம் எழுதினார், நடித்தார், திரைப்படம் இயக்கினார். 1953இல் வெளிவந்த ‘குளாசா கணபதி’ என்ற படத்தில் கதை, உரையாடல், இசை, இயக்கம், முதன்மை வேடம் ஆகிய அனைத்தும் அவருடையவையே. அப்படத்துக்காக பீம்சேன் ஜோஷி பாடிய பக்திப் பாடல் இன்றும் மராத்தி வீடுகளில் ஒலிக்கிறது. அதே ஆண்டில் வேறொரு படத்துக்காக ஆஷா போன்ஸ்லேயின் குரலில், மயிலை ஆடச் சொல்லும் குழந்தைப் பாடல் ஒன்றுக்கு இசையமைத்தார். நம் குடியிருப்புக் குழந்தைகளும் பள்ளி விழாக்களில் அதற்குத்தான் ஆடுகிறார்கள். ஆடுகிற பிள்ளைக்கும் தெரியாது, கை தட்டுகிற நமக்கும் தெரியாது, அது யார் அமைத்த மெட்டு என்று!

1955இல் அவர் அகில இந்திய வானொலியில் சேர்ந்தார். 1959இல் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் முதல் தயாரிப்பாளர்களுள் ஒருவரானார். இந்தியத் தொலைக்காட்சிக்காக முதன்முதலில் பண்டித நேருவைப் பேட்டி கண்டவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு.

இத்தனை திறமைக்கும் அடியில் ஓடிய நீரோட்டம், மனிதர் மீது அவர் கொண்ட பற்று. 1958இல் வெளிவந்த ‘படாட்யாசி சால்’ என்ற நூலை எடுத்துக்கொள்வோம். ‘உருளைக்கிழங்குச் சால்’ என்பது அதன் பொருள். வரிசை வீடுகளும் பொது நடையும் பொதுக் குழாயும் கொண்ட மும்பைச் சால் வாழ்க்கை நமக்குப் புதிதன்று. நம்மில் பலர் அங்கிருந்தே இக்குடியிருப்புக்கு வந்தவர்கள். அங்கு நடக்கும் குழாயடிச் சண்டையையும், சங்கக் கூட்டங்களின் வீறாப்பையும், சிக்கனத் திட்டங்களின் தோல்வியையும் பு.ல. எழுதினார். 1961 முதல் அந்நூலையே ஒற்றை மனிதராக மேடையில் நிகழ்த்தினார். அரங்கம் நிறைந்த மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆயினும் அச்சிரிப்பில் எள்ளல் இல்லை. சாலில் வாழ்ந்தவனே முதல் வரிசையில் அமர்ந்து சிரித்தான். அந்தக் கூட்டு வாழ்வு மறைந்துவருவதை எண்ணும் ஏக்கத்தோடு நூல் முடிகிறது. சிரிக்க வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

தாம் கண்ட மனிதர்களைப் பற்றி அவர் தீட்டிய சொற்சித்திரங்களின் தொகுப்பாகிய ‘வ்யக்தி ஆணி வல்லி’ என்ற நூலுக்கு 1965இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகத்தை மராத்தி மண்ணுக்கு ஏற்ப மாற்றி, 1975இல் ‘தீ ஃபுல்ராணி’ என்ற பெயரில் மேடையேற்றினார். 1966இல் பத்மஸ்ரீ, 1990இல் பத்மபூஷண், 1996இல் மகாராஷ்டிர அரசின் முதல் ‘மகாராஷ்டிர பூஷண்’ என விருதுகள் அவரைத் தேடி வந்தன.

பெரியோர்களே! இவ்வளவு சொல்லியும், அவரைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று நாங்கள் எண்ணியதற்கான காரணத்தை இன்னும் சொல்லவில்லை. இனிச் சொல்கிறோம்.

‘குளாசா கணபதி’ என்றால் வெல்லத்தால் செய்த பிள்ளையார் என்பது பொருள். வெல்லப் பிள்ளையாரைக் கிள்ளி அவருக்கே நைவேத்தியம் வைத்தானாம் என்று நம் ஊரில் ஒரு பழமொழி வழங்குகிறது. செலவு செய்யாமலே பக்தன் என்று பெயர் வாங்கத் துடிக்கும் கருமியைக் கேலி செய்யும் மொழி அது. பு.ல.வின் வாழ்க்கையில் அப்பழமொழி தலைகீழாக மாறி அழகு பெற்றது. மக்கள் சீட்டு வாங்கிக் கொடுத்த பணத்தை அவர் மக்களுக்கே படைத்துவிட்டார்.

அவரும் அவர் மனைவியார் சுனிதாபாயும் 1946ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மணம் புரிந்துகொண்டார்கள். சுனிதாபாய் 1942ஆம் ஆண்டு விடுதலைப் போரில் ஈடுபட்டவர். தாமும் சிறந்த எழுத்தாளர். மேடையின் பின்னால் நின்று நிகழ்ச்சி ஏற்பாடுகளையும் வரவு செலவையும் கண்டிப்போடு கவனித்தவர் அவர்தாம். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 1960களில் இருவரும் தங்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவி, நிகழ்ச்சிகளாலும் நூல்களாலும் வந்த பொருளை அதன் வழியே பொதுப்பணிகளுக்கு வழங்கத் தொடங்கினார்கள். தமக்கென வைத்துக்கொண்டது எளிய வாழ்வுக்குப் போதுமான அளவே.

எடுத்துக்காட்டாக ஒன்று சொல்வோம். 1980களில் போதைப்பொருள் பழக்கம் இளைஞர்களைச் சூறையாடத் தொடங்கியது. அதைப் பற்றி எழுத்தாளர் அனில் அவசட் பத்திரிகையில் தொடர் கட்டுரை எழுதினார். அவர் மனைவியார் டாக்டர் அனிதா அவசட் புணேயில் மனநல மருத்துவர். அக்கட்டுரைகளைப் படித்த பு.ல. தம்பதியர், படித்து முடித்துப் பெருமூச்சு விட்டதோடு நின்றுவிடவில்லை. அவர்களை அழைத்து, ஒரு மையம் தொடங்குங்கள் என்று சொல்லி ஓர் இலட்சம் ரூபாய் தர முன்வந்தார்கள். 1986இல் புணேயில் ‘முக்தாங்கண்’ என்ற மறுவாழ்வு மையம் பிறந்தது. அன்று முதல் இன்று வரை எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு மீண்டும் எரிய அம்மையம் காரணமாக இருந்துவருகிறது.

தொழுநோயாளருக்காகப் பாபா ஆம்டே வரோரா அருகே எழுப்பிய ஆனந்தவனத்துக்கும் அவர்கள் உற்ற நண்பர்களாக இருந்தார்கள். ஊரார் ஒதுங்கி நின்ற காலத்தில் கலைஞர் ஒருவர் அங்குச் சென்று அமர்வது பணத்தினும் பெரிய கொடை. புணேயில் 1968இல் திறக்கப்பட்ட பாலகந்தர்வ ரங்கமந்திர் என்ற நாடக அரங்கு உருவானதிலும் பு.ல.வின் பங்கு பெரிது.

மக்களுக்குச் சேவை என்பதை அவர் பணத்தோடு மட்டும் நிறுத்தவில்லை. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு எழுத்துரிமை முடங்கியது. 1977 தேர்தலின்போது, சிரிக்க வைத்தே பழகிய அம்மனிதர் ஊர் ஊராகச் சென்று, உரிமைக்காக மக்களிடம் பேசினார். அவர் ஆதரித்த அணி வென்றது. வென்ற பின் பதவி எதையும் நாடாமல் தம் எழுத்து மேசைக்குத் திரும்பிவிட்டார்.

இன்னொரு செய்தி நம் போன்றோர் நெஞ்சில் எழுதி வைக்கத் தக்கது. ஐம்பது வயதை எட்டிய பின், புகழின் உச்சியில் இருந்தபோது, பு.ல. சாந்திநிகேதனத்துக்குச் சென்று தங்கி வங்காள மொழியைக் கற்றார். தாகூரைத் தாகூரின் மொழியிலேயே படிக்க வேண்டும் என்ற வேட்கைதான் காரணம். அந்த அனுபவங்களை 1974இல் ‘வங்கசித்ரே’ என்ற நூலாகவும் எழுதினார். ஐம்பது வயதில், பிழைப்புக்கான தேவை ஏதுமின்றி, அன்பு ஒன்றினாலேயே வேற்று மாநில மொழியைக் கற்ற அம்மனிதரை எண்ணும்போது, முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு இங்கே வாழ்ந்தும் காய்கறிக்காரரிடம் விலை கேட்கும் அளவு மராத்தியோடு நின்றுவிட்ட நம் நிலை எங்களுக்கு நாணத்தைத் தருகிறது.

பு.ல. 2000ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் புணேயில் மறைந்தார். அன்று அவர்களுடைய 54ஆவது திருமண நாள். கணவர் மறைந்த பின்னும் சுனிதாபாய் அறப்பணியை நிறுத்தவில்லை. புணேயிலுள்ள வானியல் ஆராய்ச்சி மையத்தில் குழந்தைகளுக்கான அறிவியல் கூடம் ஒன்று அவர்களுடைய கொடையால் எழுந்தது. அக்கட்டிடத்துக்குப் ‘புலஸ்தியர்’ பெயர் சூட்டினார்கள். அது சப்தரிஷி மண்டலத்தில் ஒரு விண்மீனின் பெயர், பு.ல.வின் பெயரும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சுனிதாபாய் 2009ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மறைந்தார்.

இனி, நம் வீட்டுச் சுவருக்கு மீண்டும் வருவோம்.

1990களின் நடுவில் காகா ஓய்வு பெற்றுக் கொங்கணத்திலுள்ள தம் சிற்றூருக்குப் புறப்பட்டார். புறப்படும் அன்று ஓர் ஒலிநாடாவை எங்கள் கையில் கொடுத்தார். ‘உன் அப்பாவுக்குப் புரியாது. நீங்களாவது கேளுங்கள்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதில் எருமையைப் பற்றிய கதை இருந்தது. அரசுப் பேருந்து ஒன்று வழியில் எருமையின்மேல் மோதி நின்றுவிட, இறங்கி நிற்கும் பயணிகள் ஒவ்வொருவரும் பேசும் பேச்சுதான் கதை. முதல் முறை கேட்டபோது பாதிதான் விளங்கியது. பள்ளி மராத்தியைத் தூசி தட்டி, அலுவலகத் தோழர்களிடம் பொருள் கேட்டு, பத்தாம் முறையில் முழுதும் விளங்கிற்று. அன்று எங்கள் வீட்டிலும் அந்தச் சிரிப்பு கேட்டது. ஒரு வாக்கியம் சிரிப்பூட்ட, மறு வாக்கியம் தமிழாக்கமாக வர, எங்கள் தாயாரும் சிரித்தார்.

தந்தையார் மட்டும் ஓரமாக அமர்ந்திருந்தார். நெடுநேரம் கழித்து, ‘இருபத்தைந்து வருஷம் பக்கத்திலேயே இருந்தோம். அந்த மனுஷன் எதுக்குச் சிரிச்சான்னு ஒரு நாள் கேட்டதில்லையே’ என்றார். நிலைய வாசலில் காத்திருந்த அந்த இரவுகளுக்கும் அவர் நன்றி சொன்னதில்லை. சொல்ல மொழி இல்லை. அடுத்த விடுமுறையில் கொங்கணம் போய்ப் பார்த்து வருவோம் என்று திட்டமிட்டோம். அதற்குள் காகா காலமானதாகச் செய்தி வந்தது. தந்தையாரும் இன்று இல்லை. அந்த நன்றி எங்கள் குடும்பத்தின் கணக்கில் இன்றளவும் செலுத்தப்படாத பாக்கியாகவே நிற்கிறது.

சபையோரே! சென்ற ஆண்டு விழா முடிந்தபின் மிஞ்சிய தொகையை என்ன செய்வது என்று செயற்குழுவில் விவாதம் நடந்தது. பொன்னாடைகளும் நினைவுப் பரிசுகளும் வாங்குவதென முடிவாயிற்று. அன்று கை உயர்த்தியவர்களுள் நாங்களும் உண்டு. ஆகவே யாரையும் குறை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. பு.ல.வின் வாழ்க்கையைப் படித்தபின் எங்கள் கை கூசுகிறது. அதனால் இரண்டு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, அடுத்த ஆண்டு விழாவுக்கு நம் கட்டிடங்களில் வாழும் மராத்திக் குடும்பங்களை வீடு தேடிச் சென்று அழைப்போம். அழைப்பிதழின் ஒரு பக்கம் மராத்தியில் இருக்கட்டும். நம் பிள்ளைகள் பாரதியின் பாட்டுக்கு ஆடிய பின், பு.ல. மெட்டமைத்த அந்த மயில் பாட்டுக்கும் ஆடட்டும். அதை அமைத்தவர் யாரென்று மேடையிலேயே சொல்வோம்.

இரண்டாவது, இவ்விழாவில் திரளும் நன்கொடையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, நம் குடியிருப்பைத் தினமும் துப்புரவு செய்யும் பணியாளர்களின் பிள்ளைகளுக்குப் புத்தகமும் பள்ளிக் கட்டணமும் தருவோம். அவர்கள் தமிழரா மராத்தியரா என்று பார்க்க வேண்டாம். கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதவும் வேண்டாம். பாட்டும் கூத்தும் நம்மைக் கூட்டிவைக்கும் கருவிகள். கூடியவர் கை பிறர்க்கு உதவ நீளும்போதுதான் அக்கருவிகளுக்குப் பயன் உண்டாகும். ‘ஒப்புரவறிதல்’ என்று வள்ளுவர் பெருமான் தனி அதிகாரம் வகுத்ததும் இதற்காகவே அன்றோ?

தமிழை மறந்துவிடச் சொல்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். நம் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு அடுத்த வீட்டு விளக்கைப் பார்க்கப் போவதில்லை. நம் திண்ணையில் விளக்கு எரியும்போதுதான் அடுத்த வீட்டாரும் வந்து அமர்வார்கள். அவர்கள் சிரிக்கும்போது நாமும் உடன் சிரிக்கத் தெரிந்துகொண்டால், இந்த மண்ணில் நாம் வாடகைக் குடிகள் என்ற எண்ணம் தானே அகன்றுவிடும்.

இந்த இரு வேண்டுகோள்களையும் செயற்குழு பரிசீலிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். முதல் தவணையாக, எங்கள் தந்தையாரின் பழைய பாக்கிக்கு ஈடாக ஒரு சிறு தொகையைப் பொருளாளரிடம் இன்று ஒப்படைக்கிறோம். தொகையைக் கேட்க வேண்டாம். பெயரையும் குறிக்க வேண்டாம்.



வாழ்க தமிழ்! வளர்க மராத்தி! வெல்க பாரதம்!